பாஸ்காவுக்குப் பிறகு

லா ஷெனே
22 பிப்ரவரி 1961

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கை கிளோத்தீலுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தனை பெரிய கட்டடத்தின் படியெல்லாம் தேய்த்து மெழுகு போடுகிறவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும். இந்தக் குளிர் போகும்வரை கம்பளித் துணி சுற்றிக்கொள். நான் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். கோழிகள்தான் குளிரில் முட்டையைக் குறைத்துவிட்டன.

இவோன் விடுப்பு முடிந்து நேற்று ரயிலேறினான். உன் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுத்தான் மார்செய்க்குக் கப்பலேறப் போவான் என்பதால் நீயே பார்த்திருப்பாய். பட்டாளத்துச் சோறு தின்றும் மெலிந்துதான் இருக்கிறான். அல்ஜீரியா எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வெயில் ஜாஸ்திம்மா" என்றான். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வேறொன்றுக்கு வாயைத் திறந்தான். உன் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறாளாமே, அர்லெத் என்று ஒரு பெண். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறானாம். மேசையில் ஒரு காகிதத்தை விரித்து வைத்தான்.

"இருபத்தொண்ணு முடியலைன்னா பெத்தவங்க சம்மதம் எழுத்துல வேணுமாம். அப்பா இல்ல. நீங்க மட்டும் கையெழுத்து போட்டா போதும்மா."

"பொண்ணு ஞானஸ்நானம் வாங்கினவளா?"

"இல்ல."

"அவ அப்பன்?"

"அச்சாபீஸ்ல எழுத்து கோக்கிறவர். கோவில் பக்கம் போகமாட்டார். ஆனா தங்கமான மனுஷன்."

"கோவில் பக்கமே போகாத தங்கம். சரி."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இது தவக்காலம். சாமியார் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார், இந்த ஊர்ல யாரும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாங்க. பாஸ்கா பண்டிகை கழியட்டும், பார்ப்போம்" என்றேன். "அம்மா, இது மேயர் ஆபீசுக்குத்தானே, கோவிலுக்கு இல்லையே" என்றான். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவரைக்கொட்டை வேகவைக்கப் போய்விட்டேன். காகிதத்தை எடுத்துப் போகாமல் மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறான்.

நீ அந்தப் பெண்ணைத் தினமும் பார்க்கிறவள். உள்ளதை உள்ளபடி எழுது.

உனக்காக ஜெபிக்கும் அக்கா,
பெர்த்


பாரிஸ்
3 மார்ச் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் வெண்ணெயும் வந்தன. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது; அதைப் பற்றி எழுதினால் அதற்குத் தலைக்கனம் வந்துவிடும். நீ குளிரில் விடியற்பூசைக்கு வெறுங்காதோடு போகாதே.

உள்ளதை உள்ளபடி கேட்டாய். எழுதுகிறேன்.

போன வருஷம் பட்டாளத்துக்குப் போவதற்கு முன் இவோன் என்னோடு தங்கி ரொட்டிக்கடையில் வேலை பார்த்தானே, அப்போதே தொடங்கிவிட்டது. விடிகாலை வேலை முடிந்து மாவுத் தலையோடு வருவான். அர்லெத் தையற்கடைக்குக் கிளம்பி இறங்குவாள். நான் மெழுகு போட்டு வைத்த படியில் இவள் ஒருநாள் வழுக்கி, கையில் இருந்த காகிதக் கட்டு எல்லாம் பறந்தது. "அல்ஜீரியாவில் சமாதானம்" என்று அச்சடித்த துண்டுக் காகிதம். இவன் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே, "சமாதானத்தை இப்படிக் கீழ போடலாமா?" என்றானாம். அவள், "நீ வேணா ரெண்டு தெருவுல ஒட்டிக் குடேன், மாவுதான் உங்கிட்ட இருக்கே, பசை பண்ணிக்கலாம்" என்றாளாம். அன்று ராத்திரியே உன் மகன் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனான். போலீஸ் விசில் கேட்டு இரண்டு பேரும் ஓடிவந்து என் துடைப்ப அறைக்குள் ஒளிந்துகொண்டார்கள். நான் கதவைத் திறந்தால் பசை வாளிக்குள் என் புது பிரஷ்! அக்கா, நான் திட்டத் திட்ட அதுகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

ஞானஸ்நானம் வாங்காதவள்தான். அதற்காகக் கொம்பு முளைத்திருக்கவில்லை. என் முழங்காலுக்கு ஒத்தடம் போட மாடியிலிருந்து இறங்கி வருகிறவள் அவள் ஒருத்திதான்.

அவன் தன் பக்கத்து வேலையெல்லாம் முடித்துவிட்டான். அதிகாரியிடம் கல்யாணத்துக்கு அனுமதி எழுதிக் கேட்டாயிற்று, பட்டாளத்து டாக்டர் சான்றிதழும் வாங்கியாயிற்று. உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது வந்துவிட்டால் அவன் அங்கே இருக்கும்போதே இங்கே மேயர் முன்னால் எழுதிக்கொள்ள வழி இருக்கிறதாம். தவக்காலம் உனக்கும் எனக்கும்தான் அக்கா. அங்கே துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு அது தெரியுமா? போட்டு அனுப்பிவிடு.

முத்தங்களுடன்,
கிளோத்தீல்


லா ஷெனே
20 மார்ச் 1961

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே மழை விட்டு இரண்டு நாள் வெயில். அவரைக்கொட்டை விதைக்க மண்ணைக் கொத்திவிட்டேன். கோழிகள் மறுபடி முட்டையிடத் தொடங்கிவிட்டன. பாஸ்கா ரொட்டிக்குக் குறைவிருக்காது. பக்கத்துப் பண்ணை லெயோனியின் மகனும் அல்ஜீரியாவுக்குப் போயிருக்கிறான். மேயர் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் வந்தாலே அவள் கதவைச் சாத்திவிடுகிறாள். செத்த செய்தியை வீட்டுக்கு வந்து சொல்வது அவர் வேலையாகிவிட்டதால் பாவம், அந்த மனுஷன் இப்போது தெருவில் நடக்கவே கூசுகிறார்.

இவோனிடமிருந்து கடிதம் வந்தது. நானும் பதில் போட்டுவிட்டேன்.

நீ எழுதியதெல்லாம் படித்தேன். அந்தப் பேச்சு பாஸ்காவுக்குப் பிறகு.

அக்கா,
பெர்த்


லா ஷெனே
1 ஏப்ரல் 1961, பெரிய சனி

கிளோத்தீல்,

மேயர் வியாழக்கிழமை வந்தார்.

நான் கோழிக்கூட்டில் இருந்தேன். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "பெர்த், உள்ள வந்து உக்காரும்மா" என்றார். என் வீட்டுக்குள் என்னையே வா என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை, ஒரு மலைப்பாதையில் லாரி போகும்போது சுட்டிருக்கிறார்கள். இவனோடு இன்னும் மூன்று பேர். உடனே போய்விட்டானாம். உடனே என்றுதான் எல்லார் வீட்டிலும் சொல்கிறார்களாம், லெயோனி சொன்னாள்.

பெரிய வியாழன் பூசையோடு வழக்கம்போல் கோவில் மணியைக் கட்டிவிட்டார்கள். பாஸ்கா ஞாயிறு வரை எந்தச் சாவுக்கும் அடிக்கக்கூடாது. பங்குச்சாமி வந்து, "என்ன செய்யறதும்மா, மணி இல்லையே" என்று அழுதார். ஒரு பையன் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தான். மணி இல்லாத நாட்களில் பூசைக்குக் கூப்பிடுகிற கட்டைதான். என் மகனுக்கென்று ஒரு சத்தமும் இல்லை.

உடலை இப்போது தரமாட்டார்களாம். கப்பலில் வர மாதமாகும்.

அந்தப் பெண்ணுக்குப் பட்டாளத்திலிருந்து யாரும் சொல்லமாட்டார்கள். நீ சொல்லிவிடு.

பெர்த்


பாரிஸ்
6 ஏப்ரல் 1961

அக்கா, என் அக்கா,

உன்னிடம் நலமா என்று எப்படிக் கேட்பேன். சாப்பிடு. லெயோனியை ராத்திரிக்கு உன்னோடு படுத்துக்கொள்ளச் சொல். என் முதலாளியம்மா விடுப்புத் தரமாட்டேன் என்கிறாள். தந்தால் அடுத்த ரயிலில் வந்துவிடுவேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டடத்துத் தபாலெல்லாம் முதலில் என் கைக்குத்தானே வரும், நான்தானே பிரித்து மாடி மாடியாகக் கொண்டுபோவேன். அன்றைய கட்டில் உன் கடிதத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. அவன் கையெழுத்து. அர்லெத்துக்கு.

அக்கா, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன். என் முழங்கால் அன்று வலிக்கவே இல்லை. கதவைத் திறந்ததும் உறையைப் பார்த்துவிட்டாள். "அத்தை! குடுங்க, குடுங்க, மூணு வாரமாச்சு, சோம்பேறிக் கழுதை!" என்று பிடுங்கிக்கொண்டாள். நின்றபடியே படித்தாள். "ஒட்டகம் ஒண்ணு அவன் தொப்பியத் தின்னுருச்சாம்" என்று சிரித்தாள். என்னால் சொல்ல முடியவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ஒரு மத்தியானம், அவளுக்காவது அவன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

சாயங்காலம் அவள் அப்பா ரெனார் வேலையிலிருந்து வந்ததும் வாசலில் நிறுத்தி அவரிடம் சொன்னேன். இருவருமாகப் போனோம். அவள் என்னைத்தான் பார்த்தாள். "காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா அத்தை?" என்றாள். தலையாட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன். "நல்லது பண்ணீங்க" என்றாள். பிறகு விழுந்துவிட்டாள்.

உனக்காகவும் அவளுக்காகவும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன்.

கிளோத்தீல்


பாரிஸ்
14 மே 1961

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. லெயோனிக்கு எழுதிக் கேட்டேன். கோழிக்குத் தீனி போடுகிறாய், பூசைக்குப் போகிறாய், பேசுவதில்லை என்று எழுதியிருந்தாள். உடம்பையாவது பார்த்துக்கொள்.

இங்கே ஏப்ரல் கடைசியில் நடந்த கூத்தை ரேடியோவில் கேட்டிருப்பாய். அல்ஜீரியாவில் தளபதிகள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்கள், விமானத்தில் வந்து பாரிசில் குதிப்பார்கள் என்று அறிவித்தார்கள். எல்லாரும் விமான நிலையத்துக்குப் போய் வழி மறியுங்கள் என்று மந்திரியே சொன்னார். ரெனார் தன் தொப்பியை மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் கிளம்பினார். "விமானத்த என்னத்தய்யா வச்சு மறிப்பீங்க?" என்றேன். "மிதிவண்டிய குறுக்க போடுவேன்" என்றார். பாவம், விடியும்வரை உட்கார்ந்துவிட்டு ஜலதோஷத்தோடு வந்தார். அர்லெத் பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்து முடித்து வாந்தி எடுத்தாள்.

அக்கா, அவள் முழுகாமல் இருக்கிறாள். விடுப்பில் வந்து போன அந்த நாட்களில். நவம்பரில் பிறக்கும்.

இனி நான் எழுதுவதை நிதானமாகப் படி. தெற்கே அணை உடைந்து ஒரு ஊரே போனதே, அப்போது கல்யாணம் நிச்சயமான ஒருத்தி, செத்துப்போன தன் ஆளையே கட்டிக்கொள்ள வேண்டும் என்று அழுதாள். அதற்காகவே சட்டம் போட்டார்கள். ஜனாதிபதி அனுமதித்தால் இறந்தவரைக் கட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்கு அப்பன் பேர் வரும். ரெனார் ஒரு வக்கீலைப் பார்த்தார். இவோன் அதிகாரிக்குக் கொடுத்த விண்ணப்பம் இருக்கிறது, டாக்டர் சான்றிதழ் இருக்கிறது, அவன் விருப்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவன் இருபத்தொன்று ஆகாதவன். அவன் உயிரோடு இருக்கும்போதே அவன் அம்மா சம்மதித்திருந்தாளா என்று கேட்பார்கள். அது இல்லையென்றால் எதுவும் இல்லை.

நீ சம்மதித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைசியில் அவனுக்கு என்ன பதில் எழுதினாய் அக்கா? அதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

கிளோத்தீல்


லா ஷெனே
28 மே 1961

சேசு மரி சூசை துணை.

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றும் வராதிருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்தேன். பிணத்துக்கும் உயிருள்ளவளுக்கும் கல்யாணம் என்பதைக் கேட்டபிறகு இந்த நாட்டில் நான் எதைக் கேட்டும் ஆச்சரியப்படப் போவதில்லை. அதை விடு. நீ என்னைக் கேட்பது அது அல்லவே. நடக்காததை நடந்தது என்று அதிகாரி முன்னால் கை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொல்கிறாய். நான் பூசைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவள். வேறு படிப்பு எனக்கு இல்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று அதில் எட்டாம் கற்பனை இருப்பது உனக்கும் தெரியும். சந்தையில் பழைய முட்டையைப் புதிது என்று நான் விற்றதில்லை. என் கணக்கில் ஒரு வரி அழித்து எழுதியதில்லை. செத்த பிள்ளையின் பேரிலா அதை ஆரம்பிப்பேன்?

பிள்ளை பிறக்கட்டும். துணிமணி அனுப்புகிறேன். பாலுக்கும் அனுப்புகிறேன். சத்தியம் கேட்காதே.

இவோன் உடல் ஜூன் பதினேழாம் தேதி வருகிறது. மார்செயில் இறக்கிவிட்டார்களாம். நீ வா.

பெர்த்


பாரிஸ்
21 ஜூன் 1961

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். நலம் விசாரிக்கும் மனம் எனக்கு இல்லை. ஆனாலும் நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

அர்லெத்தை நான்தான் அழைத்து வந்தேன். வரமாட்டேன் என்றாள். "எனக்குச் சிலுவை போடக்கூடத் தெரியாதே அத்தை, எல்லாரும் பார்ப்பாங்க" என்றாள். யாரும் பார்க்கமாட்டார்கள், உன் மனுஷனைப் பார்க்க வா என்று இழுத்து வந்தேன். பூசை முழுக்க பின்னால் தூணோரமாக நின்றாள். எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்று முன்னால் நின்ற கிழவியைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் குடும்பத்தார் வரிசையாக நின்றோம். ஊரே வந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்துப் போனது. அந்த வரிசையில் இந்தப் பக்கம் நிற்க வேண்டியவள், அந்தப் பக்கம், மேயருக்கும் லெயோனிக்கும் நடுவில் ஊராரோடு ஊராராக வந்தாள். உன் முன்னால் நின்றாள். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது அக்கா, மேல்சட்டையை எவ்வளவு இழுத்துவிட்டும் தெரிந்தது. "என் அனுதாபங்கள், மதாம்" என்றாள். நீ அவள் கையைப் பிடித்தாய். பிடித்து, "நன்றி, மத்மசேல்" என்றாய். கல்யாணமாகாதவளைக் கூப்பிடும் அந்த வார்த்தையை, மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில். அடுத்தவருக்குக் கையை நீட்டிவிட்டாய்.

 ரயிலில், அங்கேர் நிலையம் தாண்டியபிறகு அவள், "கை அவன் கை மாதிரியே இருக்கு. விரல் கட்டையா" என்றாள்.

இனி நான் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

கிளோத்தீல்


பாரிஸ்
22 அக்டோபர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தில் நாலு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். நீயும் எழுதவில்லை. நமக்கு இருப்பது நாம் இருவர்தான். எப்படி இருக்கிறாய்?

இந்த ஊர் இப்போது வாழும்படி இல்லை. போன மாதம் எதிர்வீட்டு வாசலில் குண்டு வைத்து எங்கள் படிக்கட்டுக் கண்ணாடியெல்லாம் விழுந்தது. போன செவ்வாயன்று ராத்திரி அல்ஜீரியர்கள் ஊர்வலம் போனார்கள், பெண்டு பிள்ளைகளோடு, கையில் ஒன்றும் இல்லாமல். அப்புறம் போலீஸ் செய்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. காலையில் பால் வாங்கப் போனேன். பாலத்துப் பக்கம் நடைபாதையில் செருப்புகள். ஒற்றை ஒற்றையாக. அர்லெத் சன்னலைச் சாத்திவிட்டு, "இவோன் இருந்தா இதுக்கு என்ன சொல்லிருப்பான்?" என்று கேட்டாள்.

விண்ணப்பம் போன மாதமே போய்விட்டது. உங்கள் ஜில்லா நீதிமன்றத்திலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள். அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். வேறெதற்கும் இல்லை. இதில் அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: "அவங்களைப் பொய் சொல்லச் சொல்லி எழுதாதீங்க அத்தை. அவன் அம்மா பொய் சொல்லமாட்டாங்கன்னு அவன் பெருமையாச் சொல்வான்."

அதனால் நான் எழுதவில்லை.

கிளோத்தீல்


லா ஷெனே
12 நவம்பர் 1961

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கை கிளோத்தீலுக்கு,

உன் தந்தி வந்தது. தாயும் மகளும் சுகம் என்பதில் எல்லாம் அடங்கிவிட்டது. மதலேன் நல்ல பேர். யார் வைத்தது? உன் முழங்காலைப் பார்த்துக்கொள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஏறி இறங்காமல் உன்னால் இருக்க முடியாது.

என்னைக் கூப்பிட்டார்கள். போன வியாழக்கிழமை பேருந்தில் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தேன். அதிகாரி சின்ன வயசு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"கையை உயர்த்தி உண்மை சொல்றேன்னு சொல்லுங்கம்மா."

சொன்னேன்.

"உங்க மகன் கல்யாணத்துக்கு உங்ககிட்ட சம்மதம் கேட்டாரா?"

"பிப்ரவரில வந்தப்போ கேட்டான்."

"நீங்க?"

"சம்மதிச்சேன்."

"வாயாலயா?"

"வாயால."

"காகிதம் கையிலேயே இருந்தும் ஏம்மா கையெழுத்து போடல?"

"தவக்காலம் ஐயா. எங்க ஊர்ல தவக்காலத்துல கல்யாணக் காகிதத்துல கை வைக்கமாட்டோம். பாஸ்காவுக்குப் பிறகு போடறேன்னு சொன்னேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பயந்துபோனேன். "எங்க அம்மாவும் அப்படித்தான். என் தங்கச்சி கல்யாணத்த நாப்பது நாள் நிறுத்தி வச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். இந்த முறை போட்டேன்.

நீ மே மாதம் ஒன்று கேட்டாய். இப்போது சொல்கிறேன். மார்ச்சில் அவன் மறுபடி எழுதியிருந்தான். நாலு பக்கம், எல்லாம் அவளைப் பற்றி. "ஒரே ஒரு வரி 'சரி'ன்னு எழுதுங்கம்மா, காகிதத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முடித்திருந்தான். நான் காலுறை எந்த அளவு வேண்டும் என்று கேட்டு எழுதினேன். கோழியைப் பற்றி எழுதினேன். அவன் கேட்டதற்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

பொய் சொல்லாதவள் என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லறை வாசலில் அவள் கை என் கைக்குள் இருந்தது. என் மகன் பிள்ளை எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே யாரோ ஒரு பெண்ணுக்குச் சொல்வதைப் போல 'நன்றி, மத்மசேல்' என்றேன். அது என்ன கிளோத்தீல், உண்மையா? ஊரார் அத்தனை பேர் முன்னால், என் பிள்ளையின் பெட்டி மேல் மண் காயும் முன்னே சொன்னேன். அதற்கு அப்புறம் எந்தப் பொய்யும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

குழந்தைக்கு யார் ஜாடை? எழுது.

அக்கா,
பெர்த்


லா ஷெனே
25 மார்ச் 1962

சேசு மரி சூசை துணை.

மருமகள் அர்லெத்துக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்தபடி மேலே எழுதிவிட்டேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். ரயிலில் குழந்தைக்குக் காற்றுப் படவில்லையே? பால் ஒழுங்காகக் குடிக்கிறாளா? உன் அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? உன் கல்யாணத்தன்று மேயர் ஆபீஸ் வாசலில் அத்தனை நேரம் குளிரில் நின்றாரே. எதிரே கோவிலுக்குள்ளாவது வந்து நில்லுங்கள் என்றால், அங்கே சாமி காற்று அடிக்கும் என்று சொல்லிச் சிரித்தார். அவர் தங்கமான மனுஷன் என்று எனக்கு முன்பே ஒருத்தன் சொல்லியிருந்தான்.

நீ போன பிறகு ஊரில் எல்லாரும் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். மேயர் ஜனாதிபதியின் உத்தரவைப் படிக்கும்போது குரல் போய்விட்டது, நீதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய் என்று லெயோனி ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அந்த மனுஷனுக்கு என் வீட்டு விஷயமாக இது இரண்டாம் தடவை. "பெர்த், இந்த மேயர் பட்டைய மாட்டிக்கிட்டு ஒரு நல்லது பண்ணினேன்னு சொல்லிக்க இது ஒண்ணாவது இருக்கே" என்றார்.

பதிவுப் புத்தகத்தில் உன் கல்யாணத் தேதி மார்ச் 27, 1961 என்று எழுதினார்களே, கவனித்தாயா? அவன் இறந்ததற்கு முந்தின நாள், அப்படித்தான் சட்டமாம். அது பெரிய வாரத்துத் திங்கட்கிழமை. எந்தச் சாமியாரும் அந்த நாளில் கல்யாணம் செய்துவைக்கமாட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சண்டை நின்றுவிட்டது என்று போன திங்கட்கிழமை மணி அடித்தார்கள். வெகு நேரம் அடித்தார்கள். லெயோனி தெருவில் மண்டிபோட்டு அழுதாள். அவள் பிள்ளை வருவான். நான் அவளைத் தூக்கி நிறுத்தி உள்ளே அழைத்துப் போய்க் காபி போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "குடிடீ, ஆறிப்போயிடும்" என்றேன்.

இன்னொன்று எழுத வேண்டும். ஊரில் யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது. நான் இப்போது பூசையில் நன்மை வாங்க, அதாவது சாமியார் தரும் அப்பம் வாங்க, எழுந்து போவதில்லை. நடந்தது இதுதான். நீதிமன்றத்தில் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமியிடம் சொன்னேன். "அதுக்காக மனஸ்தாபப்படறியாம்மா, மனசு வருந்தறியா?" என்று கேட்டார். "இல்ல சாமி" என்றேன். "கொஞ்சங்கூடவா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். மதலேன் பேருக்குப் பின்னால் நம் குடும்பப் பேர் பிரிசே என்று எழுதியிருப்பதை நினைத்துப் பார்த்தேன். "இல்ல சாமி" என்றேன். "மனஸ்தாபம் இல்லாம நான் எப்படிம்மா மன்னிப்பு குடுக்கறது?" என்றார். நல்ல மனுஷர், என்னைவிட அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "அவசரமில்ல சாமி. வந்தா வந்து சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். இன்னும் வரவில்லை. வருத்தப்பட வேண்டியதற்கு நான் வருத்தப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது வேறு, அது பிள்ளைக்குக் காலுறை அளவு கேட்டு எழுதியது.

இதற்கு நீ கவலைப்படாதே. கிளோத்தீலும் கவலைப்பட வேண்டாம். ஆண்டவருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும்.

பாஸ்காவுக்குக் குழந்தையை எடுத்துக்கொண்டு வா. ஞானஸ்நானத்தைப் பற்றி நான் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். கோவிலில் முன்வரிசையில் நம் வீட்டுக்கு இரண்டு நாற்காலி இருக்கின்றன. நன்மை வாங்கும் நேரத்தில் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள், வரிசை முழுக்கக் காலியாகிவிடும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கைகளைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறேன். நீயும் எழுந்து போகிறவள் இல்லையே. என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

உன் மாமியார்,
பெர்த் பிரிசே